நோயின் எல்லை காணல்

மக்கள் யாக்கையைப் பற்றும் கொடிய பிணியொன்றனைத் தமிழ்மக்கள் 'புற்று' என்று வழங்குகின்றனர். மேலைநாட்டார் அதனையே நண்டு என்றனர். கிரேக்க மொழியில் 'கார்க்கினோஸ்' என்னுஞ் சொல் நண்டினைக் குறிப்பது. 'கான்சர்' என்பதும் இலத்தீன் மொழியில் நண்டின் பெயரேயாம். நண்டென்றவர், அந்நோய் கால்களைப் பரப்பி ஊனைப் பற்றிக்கொள்ளும் இயல்பினைக் கருதினர் போலும். புற்றென்ற நம்மனோரோ வேறொன்றனைக் கருதினர் எனலாம். தோட்டத்தின் மூலையிற் கரையான் எழுப்பிய புற்றினைக் காண்பவன், மண்மேல் எழுந்து நிற்குங் கூம்பினை மட்டுமே காண்கின்றான். அதன்கீழ் எத்துணை வளைகள் எத்திசையில் எத்துணைத் தொலைவு செல்கின்றன என்பதை அவன் அறியான். கூம்பினை மண்வெட்டியால் தகர்த்துவிட்டு, 'புற்றொழிந்தது' என்று மகிழ்ந்து வீடு திரும்புவானாயின், சின்னாளிற் பிறிதோரிடத்தில் மண் கிளம்பும். கண்ணுக்குப் புலனாகும் கட்டி வேறு, நோயின் உண்மையான எல்லை வேறு என்பதே இப்பெயர் நமக்கு உணர்த்தும் பொருளாம்.

பெண்டிர் மார்பகத்தில் தோன்றும் புற்றுநோயை அறுத்தகற்றும் மருத்துவர்க்கு, அந்த எல்லை யாண்டு முடிகின்றது என்று காண்பதே பெரும் இடர்ப்பாடாகும். அறுவை நிகழ்ந்துகொண்டிருக்கும் அந்நேரத்திலேயே அதனைக் காட்டவல்ல சில கருவிகள் இந்நாளிற் பயன்பட்டு வருகின்றன. மருத்துவ நூல் பயிலாது இலக்கண இலக்கியம் பயிலும் மாணாக்கன் ஒருவன் இதுபற்றி எழுதப் புகுதல் சிறுபிள்ளைத்தனமென்று சிலர் நினைத்தல் கூடும். ஆயினும் இந்நோய் அணுகாத குலமும் இல்லை, ஊரும் இல்லை. நம் தாயரும் தமக்கையரும் நாளை எதிர்ப்படக்கூடிய ஒன்றனைப் பற்றி அறிந்துகொள்ளுதல் மருத்துவர்க்கு மட்டும் உரிய கடமை அன்று. ஆதலின், அறிந்த அளவில் அதனை ஈண்டு விளக்குதும்.

முற்காலத்தில் இவ்வெல்லைபற்றிய வினா எழவில்லை. மார்பகம் முழுமையும் அகற்றப்பட்டமையே அதற்குக் காரணம். அமெரிக்க நாட்டில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் விளங்கிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார், 1894-ஆம் ஆண்டில் தாம் செய்த அறுவைகளின் பயனை வெளியிட்டார். மார்பகத்தையும், அதன் அடியில் உள்ள தசைகளையும், அக்குளின் நெறிக்கட்டுகளையும் ஒருசேர அகற்றுவதே அவர் முறை. நோய் ஓரிடத்தினின்று அடுத்த இடத்திற்கு ஒழுங்காகப் பரவிச் செல்வதென்றும், மிகுதியாக அறுத்தால் மிகுதியாக நலம் விளையுமென்றும் அக்காலத்தார் நம்பினர். ஏறத்தாழ எண்பதாண்டுகள் அம்முறையே உலகெங்கும் கோலோச்சியது. உயிர் பிழைத்த பெண்டிர் பலர், குழிந்த மார்போடும் வீங்கிய கையோடும் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தனர்.

இந்நம்பிக்கையை ஆராய்ந்து அசைத்தவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர்: அமெரிக்கராகிய பெர்னார்டு ஃபிஷர் ஒருவர், இத்தாலியராகிய உம்பர்ட்டோ வெரோனெசி மற்றொருவர். வெரோனெசி, மிலான் நகரில் 1973 முதல் 1980 வரை, இரண்டு செண்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுடைய 701 பெண்டிரை இரு பகுதியினராக்கினார். ஒரு பகுதியினர்க்கு ஹால்ஸ்டெட் முறையில் முழு அறுவையும், மற்றப் பகுதியினர்க்கு நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றிப் பின் கதிர் மருத்துவமும் செய்வித்தார். ஃபிஷர் குழுவினர் 1976-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியும் இதனை ஒத்ததே. இருபதாண்டுகள் பொறுத்திருந்து கண்ட முடிவுகள் 2002-ஆம் ஆண்டில் ஒருங்கே வெளிவந்தன. முழுவதும் அறுக்கப்பட்டோரும் பகுதி அறுக்கப்பட்டோரும் உயிர் வாழ்ந்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை! மிகுதியாக அறுத்தல் மிகுந்த ஆயுளைத் தரவில்லை என்பது இவ்வாறு புலனாயிற்று.

ஆயினும் இந்நற்செய்தியோடு ஒரு பொறுப்பும் உடன் வந்தது. முழுவதையும் அறுப்பவன் எல்லையைத் தேட வேண்டுவதில்லை. பகுதியை அறுப்பவன் தேடியே ஆகவேண்டும். மிகுதியாக எடுப்பின் உறுப்பின் வடிவம் கெடும். குறைவாக எடுப்பின் நோயின் வித்து உள்ளே தங்கிவிடும். வெட்டிய விளிம்பில் நோயணுக்கள் தங்குமாயின், அதே மார்பகத்தில் நோய் மீண்டுந் தோன்றும் வாய்ப்பு இரு மடங்கினுக்குக் குறையாது என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர். ஆகவே, சிறிய அறுவை என்பது எளிய அறுவை அன்று என்பது தெளிவு.

இனி, எல்லை தூயதா என்பதை எவ்வாறு அறிகின்றனர்? அகற்றப்பட்ட தசைத்துண்டின் புறமெங்கும் மை பூசப்படுகின்றது. மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்னும் ஆறு பக்கங்களையும் பிரித்துணர வேறு வேறு நிறமுள்ள மையைப் பூசுவதும் உண்டு. பின்னர் அத்துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மயிரினும் மெல்லிய தகடுகளாகச் சீவப்பட்டு, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும். நோயியல் வல்லுநர் அதனை நோக்கி, மை படிந்த விளிம்பில் நோயணு உளதா என்று காண்பர். ஊடுருவிப் பரவும் புற்றாயின், மை படிந்த இடத்தில் நோயணு இல்லாதிருத்தலே போதுமென்று 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் சிலர் கூடி முடிவு செய்தனர். பால் நாளத்தினுள்ளேயே அடங்கிநிற்கும் தொடக்கநிலை நோயாயின், இடைவெளி 2 மில்லிமீட்டர் வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டில் வகுத்தனர். அரிசிமணி ஒன்றன் பருமன் அளவே ஒரு பெண்ணின் விதியை இருபாற்படுத்தும் அளவாக நிற்பதை எண்ணிப் பார்க்க!

இம்முறை நம்பத்தக்கது, ஆனால் காலம் கொள்வது. விடை வருவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் புண் தைக்கப்பட்டுவிடும். பெண்ணும் வீடு திரும்பிவிடுவாள். ஒரு கிழமை கழித்து, 'அம்மா! விளிம்பில் நோய் எஞ்சியுள்ளது. மீண்டும் அறுக்க வேண்டும்' என்று மருத்துவர் சொல்ல நேரிடும். இஃது அருகிய நிகழ்ச்சி அன்று. 2012-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், பகுதி அறுவை செய்துகொண்ட 2,206 பெண்டிருள் 509 பேர் மீண்டும் மேசைமேற் கிடந்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் 55,297 பேருடைய குறிப்புகளை ஆராய்ந்தோரும், ஏறத்தாழ ஐவருள் ஒருவர் இவ்வாறு மீண்டனர் என்று கண்டனர். இரண்டாம் முறை மயக்கமருந்து, இரண்டாம் முறை புண், இரண்டாம் முறை பொருட்செலவு, கதிர் மருத்துவத்திற்குத் தாமதம், இவை ஒருபுறம் நிற்க. 'பிழைத்தேன்' என்று எண்ணியிருந்த உள்ளம் மீண்டும் அச்சத்தில் ஆழ்வதை எந்தக் கணக்கில் எழுதுவது? அறுவை அறையிற் புகுந்த ஒளிக்கருவிகள் யாவும் இத்துன்பத்தினின்று பிறந்தவையே. நாட்கள் கழித்து வரும் விடையைப் புண் திறந்திருக்கும்போதே பெறுதல் கூடுமோ என்பதே அவற்றின் நோக்கம்.

'அறுவைக்கு முன்னரே படம் பிடித்துள்ளனரே! அதனைக்கொண்டு எல்லையை அறியலாகாதோ?' எனின், அது முற்றும் இயலாது. மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே படம் எடுக்கும்போது பெண் நிற்கின்றாள். மார்பகம் இரு தகடுகளுக்கிடையே அமுக்கப்படுகின்றது. எம்.ஆர்.ஐ. படத்திற்கு அவள் குப்புறக் கிடக்கின்றாள். அறுவை மேசையிலோ மல்லாந்து கைவிரித்துக் கிடக்கின்றாள். எலும்பின் பிடிப்பில்லாத மெல்லிய உறுப்பு ஆதலின், மூன்று நிலைகளில் மூன்று வடிவம் கொள்ளும். வெள்ளத்திற்கு முன் வரைந்த படத்தைக்கொண்டு வெள்ளத்திற்குப் பின் வயலின் வரப்பைத் தேடுவதை இஃது ஒக்கும். இக்குறையைப் போக்கவே, கைக்குத் தட்டுப்படாத சிறு நோயாயின், அறுவைக்கு முன்னர்ப் படத்தின் துணையால் நுனி வளைந்த மெல்லிய கம்பியொன்றை நோயிருக்கும் இடத்திற் செருகிவைப்பர். அரிசியினும் சிறிய காந்த மணியையோ, கதிர் வீசும் அயோடின் மணியையோ உள்ளே வைத்து, அதனை உணருங் கருவியால் தேடுவதும் உண்டு. இவையெல்லாம் நோயின் நடுவிடத்தைக் காட்டும், எல்லையைக் காட்டா. புற்று எங்குள்ளது என்பதற்கு விடை கிடைத்தது. அதன் வளை எதுவரை என்னும் வினா அப்படியே நின்றது.

அவ்வினாவிற்கு விடை கூற முயலும் கருவிகளுள் மூத்தது எக்ஸ்ரே. அதன் வரலாறு நெகிழ்ச்சி தருவது. ராண்ட்கன் என்பார் 1895-ஆம் ஆண்டில் அக்கதிரைக் கண்டுபிடித்தார். 1913-ஆம் ஆண்டில், பெர்லின் நகரத்து அறுவை மருத்துவராகிய ஆல்பர்ட் சாலமோன், அகற்றப்பட்ட மார்பகங்கள் ஏறத்தாழ 3,000 எடுத்து, அவற்றை எக்ஸ்ரே படமாக்கி, நுண்ணோக்கியிற் கண்டவற்றோடு ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். நோய் எவ்வாறு பரவுகின்றதென்று அறிவதே அவர் கருத்து. படங்களிற் சிறு புள்ளிகள் தோன்றுவதையும் அவர் கண்டார். அவை நோயின் அடையாளமாகிய சுண்ணத் துகள்கள் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. யூதராகப் பிறந்தமையால், 1933-க்குப் பின் அவர் பதவியை இழந்தார். 1938-இல் சாக்சன்ஹவுசன் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். ஓவியராகிய அவர் மகள் சார்லோட், 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டாள். தந்தையார் ஹாலந்து நாட்டிற் பிழைத்திருந்து 1976-இல் மறைந்தார். உயிர் காக்கும் வழியொன்றனை உலகுக்குக் காட்டியவர்க்குத் தம் மகளின் உயிரைக் காக்கும் வழி இல்லாமற் போயிற்று.

சாலமோன் அகற்றிய உறுப்பினைப் படம் பிடித்தது ஆராய்ச்சிக்காக. இன்று அதே செயல் அறுவையின் நடுவே நிகழ்கின்றது. வெட்டியெடுத்த துண்டினை, அறுவை அரங்கிலோ அடுத்த அறையிலோ உள்ள சிறு பெட்டி போன்ற எக்ஸ்ரே கருவியில் வைக்கின்றனர். சில நிமிடங்களிற் படம் தோன்றும். தேடிய சுண்ணத் துகள்கள் அனைத்தும் துண்டினுள் வந்துவிட்டனவா, முன்பு வைத்த கம்பியோ மணியோ உள்ளதா, துகள்கள் எந்த விளிம்பிற்கு அணித்தாக நிற்கின்றன என்பவற்றை மருத்துவர் நோக்குவர். ஒரு விளிம்பில் இடைவெளி குறைவாயின், அப்பக்கத்தில் இன்னுஞ் சிறிது அறுப்பர். புண் இன்னும் திறந்தேயிருக்கின்றது அன்றோ? ஆயினும் இதற்குங் குறையுண்டு. உடலினின்று பிரிந்த கொழுப்புத் தசை, வாழையிலையில் இட்ட களியைப்போலத் தட்டையாகப் பரந்துவிடும். உள்ளே அகன்றிருந்த இடைவெளி வெளியே குறுகித் தோன்றும். மேலும், நிழற்படத்திற்கு ஆழம் இல்லை. ஆகலின் ஒன்றற்கொன்று குறுக்காக இரு படங்கள் எடுப்பர். அடுக்கடுக்காகப் படம் காட்டும் புதுக்கருவிகளும் வந்துள்ளன. இவையனைத்திற்கும் மேலாக, சுண்ணம் படியாத நோய் எக்ஸ்ரேயிற் பெரும்பாலும் ஒளிந்து நிற்கும்.

இரண்டாவது கருவி ஒளியன்று, ஒலி. காதுக்குக் கேளாத நுண்ணொலியை உடலுட் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை நாம் அனைவரும் அறிவோம். அதன் ஒலிமுனையை நுண்ணுயிர் புகாத உறையிலிட்டு, அறுவை மருத்துவர் தம் கையிலேயே ஏந்தி, அறுக்க அறுக்கக் கட்டியின் ஓரத்தை நோக்கிச் செல்கின்றார். இதன் பயனை ஹாலந்து நாட்டில் ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கைக்குத் தட்டுப்படும் கட்டியுடைய 134 பெண்டிருள், 69 பேர்க்கு விரலால் தடவியறிந்து அறுத்தனர். 65 பேர்க்கு ஒலிப்படத்தைப் பார்த்து அறுத்தனர். விரலை நம்பிய பகுதியில் 12 பேர்க்கு விளிம்பில் நோய் எஞ்சியது. ஒலிப்படத்தை நோக்கிய பகுதியில் இருவர்க்கே எஞ்சியது. கட்டி விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும்போதே விரல் இவ்வளவு ஏமாறுமாயின், தட்டுப்படாதபோது கூறவும் வேண்டுமோ? இக்கருவி கதிர் வீசுவதன்று. பெரும்பாலான மருத்துவமனைகளில் முன்னரே இருப்பது. ஆதலின் எளிய நாடுகளுக்கும் ஏற்றது. ஆயினும் அதனைக் கையாளப் பயிற்சி வேண்டும். சுண்ணத் துகளாய் மட்டும் சிதறிக் கிடக்கும் தொடக்கநிலை நோயை அது நன்கு காட்டுவதில்லை. எக்ஸ்ரேக்குத் தெரிவது ஒலிக்குத் தெரியாது; ஒலிக்குத் தெரிவது எக்ஸ்ரேக்குத் தெரியாது.

மூன்றாவது வகை, நோயையே ஒளிரச் செய்யும் முயற்சி. இதனை விளங்கிக்கொள்ள, முதலில் அக்குளின் செய்தியை அறிதல் வேண்டும். மார்பகத்தினின்று நோய் பரவின், பெரும்பாலும் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அடையும். நாட்டுவழக்கில் நெறிக்கட்டு என்பது இதுவே. முன்னர் அவையனைத்தும் அகற்றப்பட்டமையாற் கைவீக்கம் உண்டாயிற்று. நிணநீர் முதன்முதலிற் சென்றடையும் ஓரிரு முடிச்சுகளே ஊர்வாயிற் காவலர் போன்றவை. அவற்றில் நோயில்லையாயின் அப்பாலும் பெரும்பாலும் இல்லை என்னுங் கருத்து 1990-களில் நிலைபெற்றது. டேவிட் கிராக் என்பார் 1993-இல் கதிர் வீசும் பொருளைக் கொண்டும், அர்மாண்டோ ஜூலியானோ என்பார் 1994-இல் நீலச்சாயத்தைக் கொண்டும் மார்பக நோயில் அம்முடிச்சுகளைத் தேடிக் காட்டினர். இன்று இண்டோசயனின் பச்சை என்னும் சாயமும் பயன்படுகின்றது. நம் கண் காணக்கூடிய செந்நிறத்திற்கு அப்பாற்பட்ட ஒளியை அதன்மேற் செலுத்தினால், அதுவும் கண்ணுக்குப் புலனாகாத ஒளியையே வெளிவிடும். அதனை உணருங் காமிரா, தோலுக்குக் கீழே நிணநீர் ஓடும் வழியைத் திரையில் ஓர் ஒளிக்கோடாகக் காட்டும். கடந்துவந்த வழியும் சேர்ந்த முடிச்சும் தெரியவே, தேவையானதை மட்டும் எடுத்து, ஏனையவற்றை விட்டுவைக்க இயலுகின்றது.

சாயம் நிணநீரின் வழியைக் காட்டுமாயின், நோயணுவையே காட்டலாகாதோ என்று எண்ணினர் அறிஞர். புற்றணுக்களும் அவற்றைச் சூழ்ந்த அணுக்களும் சிலவகை நொதிகளை மிகுதியாகச் சுரக்கும் இயல்பின. பெகுலிசியனின் என்னும் மருந்து, ஒளிரும் பகுதியையும் அவ்வொளியை அடக்கிவைக்கும் பகுதியையும் ஒருங்கே பிணைத்துச் செய்யப்பட்டது. அந்நொதிகள் பிணைப்பினை வெட்டியவுடன் அடங்கியிருந்த ஒளி வெளிப்படும். குடத்தினுள் வைத்த விளக்கைக் குடத்தை உடைத்து வெளிப்படுத்துதல் போல என்க. அறுவைக்கு இரண்டு முதல் ஆறு மணி நேரத்திற்கு முன் இம்மருந்து நாளத்தின்வழி ஏற்றப்படும். கட்டியை அகற்றியபின், கையடக்கமான ஒளிக்கருவியை அக்குழியினுள்ளேயே வைத்துச் சுவர்களை நோக்குவர். ஐயத்திற்குரிய இடத்தைக் கணிப்பொறி குறித்துக் காட்டும். ஏனைய கருவிகள் எடுத்த துண்டினை நோக்குகின்றன. இதுவோ எஞ்சிய இடத்தை நோக்குகின்றது. நோய் தங்குவது எஞ்சிய இடத்திலன்றோ?

இம்முறையின் பயன் யாது? 2023-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் 357 பெண்டிர் இம்முறையால் ஆராயப்பட்டனர். வழக்கமான அறுவை முடிந்தபின்னரும் எஞ்சியிருந்த நோய் 27 பேரிடத்தில் ஒளியின் துணையால் அகற்றப்பட்டது. அவருட் சிலர்க்கு, 'இவ்விளிம்பு தூயது' என்று வழக்கமான ஆய்வு கூறிய பக்கத்திலேயே நோய் ஒளிந்திருந்தது வியப்பிற்குரியது. ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. தூய்மையான இடத்தைத் தூயது என்று காட்டுவதில் இக்கருவி நூற்றுக்கு 85 அளவு சரியாயிருந்தது. நோயுள்ள இடத்தை உள்ளதென்று காட்டுவதிலோ, ஏறத்தாழப் பாதியளவே வென்றது. மருந்தினாற் கடும் ஒவ்வாமை உற்றவரும் உண்டு. அமெரிக்க அரசினர் 2024-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இதற்கு இசைவு தந்தபோது, அவ்வொவ்வாமை பற்றிய கடுமையான எச்சரிக்கையையும் உடன் சேர்த்தே தந்தனர்.

இவற்றைப் படிக்கும் ஒருவன், 'கருவிகள் இல்லாதார் என் செய்வர்?' என்று வினவலாம். அதற்கும் விடை உண்டு. யேல் பல்கலைக்கழகத்தார் 2015-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 235 பெண்டிருள் ஒரு பகுதியினர்க்கு, கட்டியை எடுத்தபின் குழியின் சுவர்களைச் சுற்றிலும் இன்னுமொரு மெல்லிய படலம் சீவி எடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினர்க்கு அவ்வாறு செய்யவில்லை. சீவப்படாதாருள் நூற்றுக்கு 21 பேர்க்கு மறு அறுவை தேவைப்பட்டது. சீவப்பட்டாருள் 10 பேர்க்கே தேவைப்பட்டது. ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. கத்தியும் முன்யோசனையுமே மறு அறுவையைப் பாதியாக்கின. விலையுயர்ந்த கருவி ஒவ்வொன்றும் இவ்வெளிய முறையோடு தன்னை ஒப்பிட்டுத் தன் மதிப்பை மெய்ப்பித்தல் வேண்டும். அன்றியும், அகற்றிய துண்டினை உடனே உறையச் செய்து சீவி நுண்ணோக்கியில் நோக்கும் முறை 1905-ஆம் ஆண்டு முதலே மேயோ மருத்துவமனையில் வழங்கி வருகின்றது. ஆனால் அதற்கு அறுவை நடக்கும் வேளையெல்லாம் நோயியல் வல்லுநர் அணித்தே இருத்தல் வேண்டும். கொழுப்பு மிகுந்த மார்பகத் தசை நன்கு உறைவதும் அரிது. ஆதலின் அஃது எங்கும் பரவவில்லை.

மேற்கூறியவற்றை நோக்குவார்க்கு ஓருண்மை விளங்கும். இக்கருவிகளுள் எதுவும் எல்லையை முற்றக் காட்டுவதன்று. எக்ஸ்ரே சுண்ணத்தைக் காண்கின்றது. ஒலி கட்டியின் செறிவைக் காண்கின்றது. ஒளிரும் மருந்து நொதியின் செயலைக் காண்கின்றது. நோயணுவை நேரே காண்பது நுண்ணோக்கி ஒன்றே; அதுவும் துண்டின் பரப்பு முழுவதையும் காணாது, தேர்ந்தெடுத்த சில தகடுகளையே காண்கின்றது. ஆகவே, படம் என்பது தீர்ப்பன்று, சான்று. ஒவ்வொரு சான்றும் எதனைக் கண்டது, எதனைக் காணாதது என்பதை அறிந்த மருத்துவரே நல்ல தீர்ப்பு வழங்கவல்லார். எந்நோய்க்கு எக்கருவி என்று தெரிந்து எடுப்பதிலேதான் கலை உள்ளது. சுண்ணத் துகளுக்கு எக்ஸ்ரேயும், தட்டுப்படுங் கட்டிக்கு ஒலியும், அக்குளுக்குச் சாயமும் என்று இவ்வாறு ஒன்றன் குறையை மற்றொன்றால் நிறைத்தல் வேண்டும்.

ஹால்ஸ்டெட் காலத்தில் மருத்துவர், நோயை அஞ்சி மிகுதியாக அறுத்தனர். இன்று, நோயை அறிந்து அளவாக அறுக்க முயல்கின்றனர். இடையிற் கழிந்த நூறாண்டில் மாறியது கத்தியின் கூர்மையன்று, எல்லைபற்றிய அறிவேயாகும். திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணுமிடத்து, நோயாளியை முதலிலும், மருத்துவரையும் மருந்தையும் அதன் பின்னரும் வைத்தார். அம்முறைவைப்பு நினைக்கத்தக்கது. கருவி எத்துணைப் புதியதாயினும், மேசைமேற் கிடக்கும் பெண்ணுக்கு மிகுதியாகவும் இழப்பின்றி, மீண்டும் வரவும் நேராமல் காக்கின்றதா என்பதே அதனை அளக்கும் அளவுகோல்.

முடிவாக ஒன்று கூறுதும். நோய் சிறிதாயிருக்கும்போது அதன் எல்லையும் சிறிது, காண்பதும் எளிது. மார்பிற் கட்டியொன்று தட்டுப்பட்டும், நாணத்தாலும் அச்சத்தாலும் அதனைக் கணவரிடத்தும் மக்களிடத்தும் மறைத்து, நோவில்லாமையையே நலமென்று கருதித் திங்கள் பல கழிக்குந் தாய்மார் நம்மிடையே உளர். தொடக்கத்திற் பெரும்பாலும் நோவாமையே இந்நோயின் வஞ்சனை. கடல்கடந்த நாடுகளின் கருவிகளெல்லாம் காலந்தாழ்த்து வந்தவர்க்குச் சிறிதே உதவும்; காலத்தில் வந்தவர்க்கோ எளிய கருவியும் பேருதவி புரியும். கல்லூரியிற் கற்கும் நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, இச்செய்தியை நம் இல்லத்தார்க்கு எடுத்துரைப்போமாயின், கற்ற கல்வியால் வீட்டிற்கு விளைந்த பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.